நாற்பத்தோராம் நம்பர் மோட்டார்

கடைகளுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் தொழிலில், போட்ட அன்று காபி வாங்கிக் கொடுப்பார்கள். மறு வாரம் போனால் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள். "சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது, நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன உங்களுக்கு இதெல்லாம் புரியும். நீங்கள் மனசுக்குள் திட்டும் அந்த ஆள் நான்தான். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு சின்ன கம்பெனியில் பத்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். சிரிக்கச் சிரிக்கச் சொல்ல நிறைய கதை இருக்கிறது. ஆனால் போன வருஷம் திருவண்ணாமலையில் ஒரு மோட்டார் கடைக்கு சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து, எதை எழுத உட்கார்ந்தாலும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

சாக்பீஸ்

எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குப் புதுசாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டித் தரும் கடை அது. உள்ளே மூன்று பேர் காயில் கட்டுவார்கள். வாசலில் மோட்டாரை வாங்கி வைப்பவர் ஏழுமலை. இருபது வருஷமாக அங்கேயே இருப்பவர். மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கும்போதே, "என்ன பயிரு? எத்தினி நாளாச்சு? கெணத்துல தண்ணி இருக்கா?" என்று கேட்பார். பிறகு மோட்டார் மேல் சாக்பீஸால் ஏதோ கிறுக்குவார்.

"எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு முன்னால் வாங்கிப் போகிறான்" என்று கடையில் தினமும் சண்டை. அதை நிறுத்தத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், சாக்பீஸைத் தவிர. அது என்ன என்று முதலாளியிடம்தான் கேட்டேன், ஏழுமலையிடம் கேட்கத் தோன்றவில்லை.

"அவரு அப்டித்தான் சார், வர்றவன் போறவன்கிட்டலாம் பயிர்க்கதை பேசினு இருப்பாரு."

கட்டம்

கடைக்கு சிஸ்டம் வந்தது. மோட்டார் வந்ததும் பெயர், ஊர், குதிரைத்திறன் அடித்தால் நம்பரோடு ஸ்டிக்கர் வரும்; மாதம் பிறந்தால் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த நம்பர் வரிசைப்படிதான் வேலை உள்ளே போகும். இடையில் எதையும் செருக முடியாது; செருக முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும். பழைய சாக்பீஸ் எழுத்தையெல்லாம் நானே துணி எடுத்துத் துடைத்தேன். அத்தனை உற்சாகம் எனக்கு.

ஏழுமலை ஒற்றை விரலால் அடித்து ஒரே நாளில் கற்றுக்கொண்டார். "இதுல பயிர எங்க சார் எழுதறது?" என்றார். 'குறிப்பு' என்ற கட்டத்தைக் காட்டினேன். அதைப் பார்த்து சிஸ்டம் வரிசையை மாற்றுமா என்று கேட்டார். மாற்றாது என்றேன். கீபோர்டிலிருந்து அந்த ஒற்றை விரலை எடுத்தார்.

"அப்ப யாரு படிக்கறதுக்கு சார் நான் அத எழுதணும்?"

சண்டையில்லாத கடை

மூன்று வாரம் ஓகோ என்று ஓடியது. சண்டை இல்லை, சிபாரிசு இல்லை. முதலாளி போகிற இடமெல்லாம் என் பெயரைச் சொன்னார். ஒரு லாட்ஜ் மேனேஜர் மாடித் தொட்டி மோட்டாரை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மொத தடவையா சொன்ன நாள்ல என் மோட்டார குடுத்துருக்காங்க சார் இந்தக் கடையில!"

பாஸ்வேர்டு

பிறகு கோடை. லோ வோல்டேஜில் ஊரெல்லாம் மோட்டார் எரிந்தது. எந்தக் கடையிலும் கால் வைக்க இடமில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து காசியம்மாள் என்ற ஐம்பது வயது அம்மா ஷேர் ஆட்டோவில் மோட்டாரோடு வந்தார். நம்பர் நாற்பத்தொன்று. முன்னால் முப்பது மோட்டார், பாதிக்கு மேல் லாட்ஜும் வீட்டுத் தொட்டியும். ஏழுமலை எனக்கு போன் செய்தார். "குத்தகை நெலம் சார், ஒரு ஏக்கர் நெல்லு. கதிரு பால் புடிக்கிற நேரம், தண்ணி இல்லன்னா பதராயிடும். இது ஒண்ண மட்டும் முன்னால வுடணும்."

முதலாளி தன் மகளின் பிரசவத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார், போன் எடுக்கவில்லை. பாஸ்வேர்டு என்னிடமும் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. முதல் மாதத்தில் ஒரு விதிவிலக்கு கொடுத்தால் அந்த சிஸ்டம் நிற்காது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பத்துப் பேருக்கு நானே நடத்தியிருக்கிறேன். முதலாளி வரட்டும் என்றேன்.

"பயிரு காத்துனு இருக்காது சார்."

பத்தாம் நாள்

முதலாளி மறுநாளும் எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. வரிசைப்படியே போய், பத்தாம் நாள் நாற்பத்தொன்று முடிந்தது. நான் பிரின்டர் பார்க்கப் போயிருந்தேன். காசியம்மாள் மோட்டாரை வாங்க வந்திருந்தார். ஏழுமலை தலை நிமிராமல், "கதிரு எப்டிமா?" என்றார். "வந்துச்சு. புடிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல, அத்தினியும் பதரு. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மோட்டாரை ஆட்டோவில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன். நான் யார் என்று தெரியாமல் எனக்கே சமாதானம் சொன்னார்.

"பரவால்ல கண்ணு, அடுத்த போகத்துக்கு ஆவும்."

புதுக் கட்டம்

அந்த வாரமே, ஏழுமலையின் சாக்பீஸ் செய்துவந்த வேலைக்காக, பயிருக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் அடித்தால் வரிசை மாறும். யார் பாஸ்வேர்டும் வேண்டாம். செய்வதற்கு அரை நாள்தான் ஆனது. ஏழுமலையிடம் அன்று பாஸ்வேர்டு என்னிடம் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு மோட்டார் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, அதன் பக்கத்தில் சாக்பீஸாலும் எழுதிக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார், போட்ட அன்னிக்கு நீங்கதான அத அமுத்தினு இருந்தீங்க."

எங்கள் ஆபீஸ் பட்டியலில் அந்தக் கடைக்கு நேரே 'வெற்றி' என்றுதான் இருக்கிறது. காசியம்மாளின் ஒரு ஏக்கரை எழுத அதிலும் கட்டம் இல்லை.