இடப்பக்கத்து ஜன்னல்

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த திடல் முழுக்க அப்பாவின் துணிக்கொடிகள்தான். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் டோபி அவர். வெள்ளை காய்கிற திடலில் சாயத்துணி தலைகாட்டக் கூடாது என்பது அவர் சட்டம். என் பாவாடையை மறதியாக அங்கே காயப்போட்டதற்கு அம்மாகூட ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம், பினாங்கு ஆஸ்பத்திரியில் எனக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"அந்த விரிப்புல என்னென்ன ஒட்டியிருக்கும்னு கையால தேய்க்கிற எனக்குத் தெரியும். எம்மவ அங்க போவ வேணாம்."

போகத்தான் போகிறேன் என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். பிடிவாதத்தில் நானும் அவர் பெண்தானே, நானும் வலியப் போய்ப் பேசவில்லை.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. தனியாக ரயிலில் வர வேண்டாமென்று பினாங்கிலிருந்த அண்ணன் விமான டிக்கெட் அனுப்பியிருந்தார். புறப்பட்ட காலையில் திடலுக்குப் போய், "போயிட்டு வரேம்பா" என்றேன். விரிப்பை உதறிக்கொண்டே முதுகைக் காட்டினார். வாசலில் அம்மா காதோடு சொன்னாள்:

"நான் பேசிப் பாக்குறேன். மனசு எறங்குச்சுன்னா ஒன் செவப்புச் சேலைய அவரு கையாலயே கொடியில போடச் சொல்றேன். மேலேருந்து பாத்துக்க."

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வீடு தெரியும்? அதை நானும் தங்கையும் முன்பே யோசித்து வைத்திருந்தோம். பத்து பெரெண்டாம் விமானத்தளத்தில் கிளம்பும் விமானம் எப்போதும் எங்களைப் பார்த்து வந்து, எங்கள் வலக்கைப் பக்கமாகக் கடந்து போகும். "அது நமக்கு வலதுன்னா, நாம அதுக்கு இடதுதானே" என்று தங்கை அடித்துச் சொன்னாள். எனக்கும் சரியென்றே பட்டது.

விமானத்தில் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்றார்கள். முண்டியடித்து முதல் ஆளாக ஏறி, இறக்கை மறைக்காத இடப்பக்க ஜன்னலைப் பிடித்தேன். விமானம் எழும்பியது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தேடினேன். தென்னை, கூரை, மறுபடி தென்னை. பிறகு புக்கிட் சீனா குன்றின் கல்லறைகள்.

அது எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம், ஊரின் அந்தக் கோடி. எதிரே வந்து நம் வலப்பக்கமாகக் கடக்கிறவருக்கு நாமும் வலப்பக்கம்தான் இருப்போம் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அடுத்து பண்டார் ஹிலிர், அதையும் தாண்டினால் கடல்தான்.

வலப்பக்க ஜன்னலோரம் ஒரு தௌக்கே, சீன முதலாளி, திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பெல்ட்டை அவிழ்த்து எழுந்தேன். "டுடோக்! டுடோக்!" என்று பணிப்பெண் மலாயில் உட்காரச் சொல்லி அதட்டினாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை எதிரே நிமிர்ந்துகூட நின்றதில்லை நான். அவர் மடிக்கு மேலே குனிந்து திரையை விலக்கினேன். அவர் திடுக்கிட்டு விழித்தார். என் முகத்தைப் பார்த்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. கீழே எங்கள் தகரக் கூரை, அதன் பின்னால் திடல். கொடிகளில் வெள்ளையே இல்லை. வேலையைப் போட்டுவிட்டு அப்பா எங்கே போனார்?

பிறகுதான் தெரிந்தது. சுள்ளென்ற வெயிலில் ஈர விரிப்புகளெல்லாம் ஓரத்தில் குவிந்து கிடந்தன. காலியான கொடிகளுக்கு நடுவே என் சிவப்புச் சேலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்துவிடாதபடி அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.