காதர் பாய் கடைவாசலில் மூன்று கொடிக்கம்பங்கள்

கீழ்வேளூர் கடைத்தெருவில் புதிதாகக் கட்டிய வணிக வளாகத்துக்குள் நுழைந்ததும் புது ரப்பர் செருப்பு வாசனை அடித்தது. நானும் நாய்க்குட்டி மாதிரி மோந்துகொண்டே காதர் பாயின் செருப்புக் கடையைத் தேட ஆரம்பித்துவிட்டேன், அதை இடித்ததைச் சின்ன வயதில் என் கண்ணாலேயே பார்த்திருந்தும்.

தெருவை அகலப்படுத்தக் கடைகளை இடிப்பார்கள் என்று பேச்சு வந்ததுமே, பாய் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, விவசாயத் தொழிலாளர் சங்கம் மூன்றையும் கூப்பிட்டுத் தன் வாசலில் கொடிக்கம்பம் நட வைத்தார். வயலில் கூலிக்காக முட்டிக்கொண்ட மிராசுதாரும் தொழிலாளியும் அந்தக் கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் கால் நீட்டி அளவு பார்ப்பார்கள், தலைக்கு மேல் மூன்று கொடியும் படபடக்கும், கீழே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும்.

"கம்பத்து மேல எவன் கை வைப்பான், சொல்லுங்க?" என்று பாய் சிரிப்பார்.

"கம்பத்த விட்டுட்டு கடை மேல கை வெச்சா, பாய்?" என்பார் அப்பா.

"நல்ல வார்த்தை சொன்னீங்க, உங்க வாயில சர்க்கரைய போட!" என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பா சொன்னபடியே நடந்தது. கம்பங்களை மேளதாளத்தோடு, மாலை போட்டுத் தள்ளி நட்டார்கள். மறுநாள் கடையை இடித்தார்கள். பாய் நாகூருக்குப் போய்விட்டார்.

கம்பங்கள் இன்றும் வளாகத்து வாசலில் நிற்கின்றன. ஆனால் எந்தப் பக்கமிருந்து நகர்ந்து வந்தன? பாய் கடை இருந்தது ஏடிஎம் பக்கமா, கழிப்பறைப் பக்கமா? முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் காவலாளி.

"செருப்புக் கடைங்க."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"போட்டுத்தானே இருக்கீங்க?"