ஈஸ்ட் ஹாம் முழுக்கப் பச்சை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் விடிந்தும் மழை விடவில்லை. நான் ஒதுங்கி நிற்கும் புடவைக்கடையின் முதலாளி, யாழ்ப்பாணத்துக்காரர், தன் கைபேசியைக் காட்டுகிறார். இரவு வானில் வண்ணமாகத் தெரியும் துருவ ஒளியை முன்கூட்டிக் கணிக்க, பொதுமக்களிடம் தகவல் திரட்டும் செயலி. நேற்றிரவு ஒளியைக் கண்டவர்களெல்லாம் வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள். இந்தத் தெரு முழுக்கப் பச்சை.

"இந்த மழையிலயா பார்த்தீங்க?" என்கிறேன்.

"எங்கை காணுறது? எதிர்க்கடைக்காரன் கண்டதாப் போட்டிட்டான். பிறகு நான் காணேல்லை எண்டு போட ஏலுமோ?"

"கணிப்பு சரியா வர, பார்க்காதவங்களும் சொல்லணுமாமே?"

"ஓம், அதைப் பக்கத்து மனோர் பார்க் ஆக்கள் போடட்டும்."

வரைபடத்தை நகர்த்தி மனோர் பார்க்கைத் தேடுகிறேன். அங்கும் ஒரே பச்சை.

இன்றிரவும் கிழக்கு லண்டனில் ஒளி பிரமாதமாகத் தெரியுமென்று செயலி அடித்துச் சொல்கிறது. நான் குடை வாங்கக் கிளம்புகிறேன்.