ஷிஃப்ட் கீயும் சில தலைசுற்றல்களும்

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலையில் "ஸ்லோவா இருக்கு" என்று யாராவது கூப்பிடாத நாளே இல்லை; அதனால் நான் டீயைச் சூடாகக் குடித்ததும் இல்லை. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் டீ ஆறித்தான் போயிருக்கும். எனக்கு ஹைதராபாத் பக்கத்து உப்பலில், பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் ஓர் ஆபீஸில் உத்தியோகம்.

சுண்டுவிரல்

எங்கள் ஆபீஸ் குமரேசன் அண்ணன் பரம்பரை செகந்திராபாத்காரர்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார். அவர் சுருக்கும் விண்டோ மட்டும் ஆடி அசைந்து கீழே இறங்கும். நான் சுருக்கினால் சட்டென்று போய்விடும். மெஷினை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். கடைசியில் அவர் கையைப் பார்த்தேன். இடது சுண்டுவிரல் ஷிஃப்ட் கீ மேல் சுகமாகப் படுத்திருந்தது. அதை அழுத்திக்கொண்டு விண்டோவைச் சுருக்கினால் எங்கள் மெஷின்களில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்; வேடிக்கைக்காக யாரோ வைத்த வசதி. விரலை எடுக்கச் சொன்னேன்.

"ஹவ், புரியுதும்மா. ஆனா விரல் நக்கோங்குதே!"

மேனேஜர்

வேகமான மெஷின் வேண்டுமென்று மேனேஜர் தினமும் கேட்டார். ஸ்டாக் இல்லை. அவருடைய பழைய மெஷினிலேயே விண்டோ பறந்து வரும் அசைவுகளை மட்டும் நிறுத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"புது மெஷின் சூப்பர்! பழசை யாருக்குக் கொடுத்தீங்க?"

ஜெயந்தி

படம் வரையும் ஜெயந்தி, காதுக்கோளாறால் வந்த தலைசுற்றலுக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். திரையில் ஏதாவது பறந்தால் உடனே கண்ணை மூடிக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கேன்டீனில், "இந்த வேலை இனிமே எனக்கு ஆகாதுடி" என்று அழுதுவிட்டாள்.

அவளை அவள் மெஷினுக்குக் கூட்டிப்போய், நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி ஷிஃப்டை அழுத்தி ஒரு விண்டோவைச் சுருக்கி, "பாரு, மெதுவாப் போகுது" என்று காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. மெதுவாகப் போனால் சுற்றலும் நீளும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவள் முகம் கழுவி வருவதற்குள் அசைவுகளை அடியோடு நிறுத்தினேன். இப்போது விண்டோ பறக்கவில்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான். தயங்கித் தயங்கி ஒன்றை மூடினாள். இன்னொன்றை மூடினாள். பிறகு என்னை மறந்துவிட்டு, பாதியில் விட்டிருந்த மாட்டுவண்டிப் படத்துக்குச் சக்கரம் வரைய ஆரம்பித்தாள். அன்று நான் டீ குடிக்கவே போகவில்லை. அவள் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நம்ம லிஃப்டுக்கும் இப்படி ஒரு பட்டன் இருக்கான்னு பாருடி."

மெஷினின் வேகத்தை மாற்ற ஒரு விரல் போதும். எதிரே இருப்பவருக்கு எந்த வேகம் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒவ்வொரு தடவையும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியிருக்கிறது.