குரங்கு மலேரியாவும் சனிக்கிழமைத் தேவார வகுப்பும்

மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா நாட்டில் ஒழிந்துவிட்டது என்று மேலிடம் சொன்ன பிறகுதான் எனக்கு வேலை கூடியது. காட்டுக் குரங்குகளின் மலேரியா பாக்கி இருந்தது. அந்த அறிவிப்பு குரங்குகளுக்குப் போய்ச் சேரவில்லை. குரங்கைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் கிருமி நாளுக்கு நாள் பெருகும். தாமதித்தால் ஆள் தேறமாட்டார்.

நான் கிள்ளானில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஓய்வுபெறும் சமயத்தில் வந்த ஒரு கேஸை இங்கே சொல்கிறேன்.

1. வார்டில்

லோரி ஓட்டும் சேகரனை டெங்கி என்று சேர்த்திருந்தார்கள். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் பிளட் ஃபிலிமில் குரங்கு மலேரியா என்று தெரிந்தது. அவரை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்கே கடிபட்டார், கூட யார் இருந்தார் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. கூடப் போனவர் எங்கேயாவது காய்ச்சலோடு படுத்திருக்கலாம்.

"காட்டுப் பக்கம் போனீங்களா அண்ணே?"

"இல்ல சார். வீடு, லோரி, சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல தேவார கிளாஸ். அவ்ளோதான்."

"ஒரு வாரம் தவற மாட்டாரு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வசந்தா. "வீட்ல ஒரு வரி பாடச் சொன்னா மட்டும் வெக்கம்."

படிவத்தின் முப்பத்தொரு கேள்விகளுக்கும் பதில் வாங்கினேன். ஒன்றும் உதவவில்லை.

2. தாமானில்

அவர் குடியிருந்த தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஏழு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். கொசுப்புகை அடித்தே ஆக வேண்டும் என்றார்கள் ஏழு பேரும்.

"அவரக் கடிச்ச கொசு இங்க இல்ல அங்கிள்" என்றேன் குடியிருப்போர் சங்கத் தலைவரிடம்.

"புகை வரலேன்னா என்னைத்தான் ஏசுவாங்க லா, பாஸ். ஒரு ரவுண்டு அடிச்சிட்டுப் போங்க."

என் அலுவலகத்துக்கும் போன் போட்டுவிட்டார். குரங்கே இல்லாத தாமானில் புகை அடித்தோம். கொசுவுக்கு என்ன ஆனதோ, ஏழு பேருக்கும் திருப்தி.

3. மறுபடியும் வார்டில்

அடுத்த நாள் வசந்தாவிடம், "கீழ போய்ச் சாப்ட்டு வாங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அவர் லிஃப்டில் ஏறியதும் சேகரன் பக்கம் திரும்பினேன்.

"இப்பச் சொல்லுங்க. சனிக்கிழமை எங்க போனீங்க?"

சேகரன் கதவைப் பார்த்தார். "சொன்னா அவ என்னைக் கொன்னுடுவா சார்."

"சொல்லலேன்னா இன்னொருத்தர் செத்துடுவாரு. கூட யாரு?"

"முனியாண்டி. கம்போங் மேடான் ஃபிளாட்டு. காட்டுக்குள்ள உலு லங்காட் ஆத்துல மீன் பிடிப்போம். ராத்திரி வரைக்கும் அங்கதான்."

"அவருக்குக் காய்ச்சலா?"

"டெங்கின்னு பப்பாளி இலைச் சாறு குடிச்சிட்டுப் படுத்திருக்கான்."

நான் ஃபிளாட்டுக்குப் போனபோது முனியாண்டி இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். "எனக்கு டெங்கி பழக்கம் சார். ரெண்டு தடவை வந்துருக்கு" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். எழுந்து நின்றதும் சுவரைப் பிடித்துச் சரிந்தார். அதன் பிறகு என் வண்டியில் ஏறினார். அவருக்கும் அதே கிருமி. அன்றே ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர்.

இருவரும் பிழைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், இனி காட்டுப் பக்கம் போகாதீர்கள் என்றேன்.

"சத்தியமா போக மாட்டோம் சார்" என்றார்கள் ஒரே குரலில்.

இளம் இன்ஸ்பெக்டர்களுக்குச் சொல்கிறேன். பதிலை எழுதும் முன், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அவர்கள் சத்தியம் செய்தபோது வசந்தா பக்கத்தில் இருந்தார். அவர் மருந்து வாங்கப் போனதும், ஆற்றங்கரையில் கொசுவலையை எப்படிக் கட்டுவது என்று இருவருக்கும் விளக்கினேன். மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.