"தொடுங்க பார்ப்போம்" என்ற அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அம்மா கையால் சாப்பிட்டிருப்பீர்கள். அம்மா வாயால் திட்டும் வாங்கியிருப்பீர்கள். ஆகவே அழுதுகொண்டு எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கே பிடிக்காது.

கேரள மலையிலுள்ள போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர் அம்மா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பள்ளியை முடித்தவருக்கு மேலே படிக்க ஆசை. தாத்தாவோ, மனைவியை இழந்த தாய்மாமனுக்கே பெண் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மாமனுக்கு அம்மாவைப் போல இரு மடங்கு வயது. மாட்டேன் என்றதற்கு அடியும் பூட்டிய அறையும்தான் கிடைத்தன.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாதவிலக்கான பெண் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடக்க வேண்டும். பாம்பு வந்தாலும் அட்டை கடித்தாலும் அங்கேதான். அவளைத் தொட்டவர் தலைமுழுக வேண்டும். காப்புக் கட்டிய மாப்பிள்ளை தொட்டால் கல்யாணமே தோஷம்.

கல்யாணத்தன்று காலை, மணையில் உட்கார அழைத்தபோது அம்மா உரக்கச் சொன்னார்: "நான் வீட்டுக்கு விலக்கு."

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. மஞ்சள் தட்டோடு பக்கத்தில் நின்ற அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, முதல் ஆளாக ஒதுங்கினார். அம்மா கொட்டகைக்குப் போகவில்லை. பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

"ஏட்டி, எங்க போற? நில்லுட்டி!" என்று தாத்தா கத்தினார்.

"பிடிச்சு நிறுத்துங்க. எங்கே, தொடுங்க பார்ப்போம்!" என்றார் அம்மா.

ஒருவர்கூடத் தொடவில்லையே! மாமன் காப்புக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாராம். பஸ்ஸில் கண்டக்டர், "எங்கோட்டா மோளே?" என்று, எங்கே போகணும் மகளே என மலையாளத்தில் கேட்டார். "கிழக்கேகோட்டை" என்று நகரத்துக் கடைத்தெருவைச் சொன்னார் அம்மா. கல்யாணப் புடவையில் இருந்த அந்தப் பெண்ணிடம் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"நெசமாவே விலக்காம்மா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"பச்சைப் பொய்டி! ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்னா, ஒரு பொய் சொல்லி நிறுத்தக்கூடாதா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டே படித்து, பிரசவ வார்டில் நர்ஸ் ஆனார். ரத்தத்தோடு பிறக்கும் பிள்ளைகளை முதலில் ஏந்தியவை அவர் கைகள். பெரியம்மாவின் மகளுக்குப் பிரசவம் பார்த்ததும் அம்மாதான். அதோடு விட்ட உறவும் கூடியது. ஓட்டலில் சமையல் மாஸ்டரான அப்பாவைத் தாமே தேர்ந்தெடுத்தார். "அந்த மூணு நாளும் அடுக்களையில நிப்பேன், சம்மதமா?" என்று கேட்டாராம். "நான் சமைக்கேன், நீங்க உட்காருங்க" என்றாராம் அப்பா. இன்றுவரை எங்கள் வீட்டில் அப்பா சமையல்தான் ருசி.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கைவிட்டது. அப்போதும் படுக்கையில் இருந்தபடியே நர்ஸுகளை அதட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்து, உடலைக் குளிப்பாட்டும் நேரத்தில் நான் விலக்காக இருந்தேன். மறைக்கவில்லை, சொன்னேன்.

"அப்ப நீ தொடக்கூடாது. ஒதுங்கி நில்லுட்டி" என்றார் பெரியம்மா.

எனக்கு வந்ததே கோபம்! "எங்கம்மாவை நான் தொடாம யாரு தொடுவா? தடுக்கணும்னா என்னைத் தொட்டுத் தடுங்க பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "வா பிள்ளே, சேர்ந்தே குளிப்பாட்டுவோம்."

உடனிருந்த வார்டுத் தோழியருக்கும், அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், பெயர் தெரியாத அந்தக் கண்டக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியம்மாவுக்கு மட்டும் இரண்டு நன்றி: அன்று ஒதுங்கி அம்மாவுக்கு வழிவிட்டதற்கு ஒன்று, இம்முறை ஒதுங்காமல் என் கையைப் பிடித்ததற்கு ஒன்று.