பூவுக்குள் போன கலியாணம்

நெடுந்தீவில் நடந்த என் தங்கையின் கலியாணத்துக்குப் படம் எடுக்க வரவேண்டியவர், கடல் கொந்தளித்ததால் குறிகாட்டுவான் இறங்குதுறையிலேயே நின்றுவிட்டார். வள்ளம் ஓடவில்லை. வீடியோக்காரர் முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் புட்டுச் சாப்பிட்டுப் படுத்திருந்தார். அதனால் எங்களிடம் மிஞ்சியது வீடியோ மட்டும்தான். அப்போது அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

தங்கையைப் பிரான்சுக்குக் கூப்பிட, அங்கே இருக்கும் அவள் கணவர் விண்ணப்பித்தபோதுதான் கவலை வந்தது. உண்மையான கலியாணம் என்று காட்டப் படங்கள் வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு வருடமாகத் தொலைபேசியில் அவருடைய குரலைக் கேட்டே காலம் தள்ளியவள் அவள். இது சரிவராவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ. "வீடியோவில இருந்து படம் எடுக்கலாமாம் அக்கா" என்றாள். வேலணையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் பெண்ணிடம் போனோம்.

வீடியோவை ஓடவிட்டு, நல்ல இடத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியைப் படமாகச் சேமிப்பதுதான் வேலை. நிறுத்திப் பார்த்தபோதுதான் வீடியோக்காரரின் திருவிளையாடல் தெரிந்தது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரு பெரிய ரோசாப்பூவுக்குள் போய்விட்டார்கள். மாலை மாற்றும்போது பின்னால் பனிமலை. அம்மி மிதிக்கையில் ஒரு அன்னம் குறுக்கே நீந்துகிறது.

நாங்கள் அனுப்பிய மாலை மாற்றும் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கையின் கணவர் அழைத்தார். "மச்சாள், இதில நாங்கள் சுவிசில எல்லோ நிக்கிறம். உங்கட தங்கச்சி வெளிநாடே போகாத ஆள் எண்டு எழுதிப்போட்டு இதைக் குடுக்க ஏலுமே?"

வீடியோக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"பூ இல்லாத வீடியோ இருக்கோ அண்ணை?"

"அதை அழிச்சுப்போட்டன் தங்கச்சி. இதுதானே வடிவு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிசனுக்குப் புட்டவித்துப் போட்டதுதான் மிச்சம்.

அவர் கைவைக்காமல் விட்ட இடங்கள் இரண்டு. ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது தங்கை ஓவென்று அழுவது. "இதைக் குடுத்தா, கட்டாயப்படுத்திக் கட்டி வச்சதெண்டெல்லோ நினைப்பினம்" என்றாள் ஸ்ரூடியோக்காரி. மற்றது சாப்பாட்டுப் பந்தி. அதில் ஒரேயொரு காட்சியில் தங்கையும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். இருவருக்கும் நடுவில், பாயச வாளியோடு, வியர்த்து வடிந்துகொண்டு நான்.

"படத்தில இருந்து உங்களை எடுத்துவிடட்டோ அக்கா?" என்று கேட்டாள் ஸ்ரூடியோக்காரி.

"எடும்" என்றேன்.

தங்கை விடவில்லை. "அக்கா நிக்கட்டும். நாங்கள் சிரிச்சதே அவ சொன்ன கதைக்குத்தான்."

என்ன கதை என்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை. அந்த இடத்தில் பேச்சை அழித்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருந்தார் புண்ணியவான். படத்தை அப்படியே அனுப்பினோம்.

தூதரகத்தில் இருந்து தங்கையைக் கொழும்புக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்வந்த அன்று குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து சொன்னாள்.

"அவரைப் பற்றிப் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. படத்தைக் காட்டி, நடுவில நிக்கிறது ஆர் எண்டு கேட்டவை. அக்கா எண்டனான். அவ ஆரோட இருக்கிறா எண்டு கேட்டவை. அம்மா அப்பா இல்லை, நாங்கள் ரெண்டு பேரும்தான் எண்டனான்."

"பிறகு?"

"நீங்கள் போனா அவ ஆரோட இருப்பா எண்டு கேட்டவை. தனிய எண்டு சொன்னனான்."

அதோடு விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டார்களாம். விசாவும் வந்தது. அவள் சொன்னதில் பிழையில்லை. அந்தத் 'தனிய' என்பதைக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.